பக்கத்து சீட்டு பிரேக்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன், அப்படி இல்லையென்றால் முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் நடை இப்போது எவ்வளவோ பரவாயில்லை, கைத்தடியை எங்கேயாவது மறந்து வைத்துவிட்டு வந்து என்னைத் தேடச் சொல்கிறார், மறக்கிற அளவுக்குக் கால் தேறிவிட்டதே என்று நானும் சந்தோஷமாகத் திட்டிக்கொண்டே தேடுகிறேன். பின்கட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. அத்தை வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள், உன் அப்பாவின் தங்கை அல்லவா, போகும்போது என் அலமாரியை அவள் இஷ்டத்துக்கு அடுக்கிவிட்டுப் போயிருக்கிறாள், இன்னும் உப்பு டப்பாவைக் காணோம். தினமும்தான் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நீ நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்தால் நான் சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. போன ஞாயிற்றுக்கிழமை நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லு, எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு வந்துடறேன்" என்றாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் எழுந்து போனேன். அடுப்பில் பாலும் இல்லை, அடுப்பே எரியவில்லை. அங்கே கொஞ்ச நேரம் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது நீ வேறு பேச்சுக்குப் போயிருந்தாய். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முடி வெட்டும் கடை வைக்க நீ பார்த்து வைத்திருக்கிற இடத்தின் படங்களை அப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு நாற்காலி தாராளமாகப் போடலாம், தலை அலச ஒரு தொட்டி ஏற்கெனவே இருக்கிறது, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பக்கத்தில் துணி வெளுக்கும் கடை, எதிரே பஸ் நிற்கும் இடம். துணி வெளுக்கப் போட்டவர்கள் காத்திருக்கிற நேரத்துக்குத் தலையைக் கொடுத்துவிட்டுப் போவார்களே, இதைவிட வேறு என்ன இடம் வேண்டும் இவளுக்கு என்று கேட்டார். கடைச் சொந்தக்காரர் உனக்காக இந்த மாதக் கடைசி வரை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார், அதற்குள் நீ கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் கேட்டு நிற்பவருக்குக் கொடுத்துவிடுவார் என்று நீயேதான் சொன்னாய். ஆனால் சொல்லும்போதே உன் குரல் எங்கேயோ பின்னால் போய்விட்டது. முதலில், அந்த ஊர் பாஷை சரளமாக வரட்டும் என்றாய், வந்தது. பிறகு இன்னும் ஒரு கோர்ஸ் முடித்துவிடுகிறேன் என்றாய், முடித்துச் சான்றிதழோடு போட்டோவும் அனுப்பினாய். பிறகு குளிர்காலத்தில் யாரும் முடி வெட்டிக்கொள்ள மாட்டார்கள் என்றாய், ஏன், குளிருக்குத் தலையில் முடி முளைக்காதா என்று அப்பா கேட்டார். இப்போது சுவர்க் கண்ணாடி சின்னதாக இருக்கிறது என்கிறாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் உனக்குத்தான் ஆடத் தெரியுமே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. இப்போது வேலை செய்கிற இடத்தில் உன் முதலாளியம்மா உனக்குக் கொடுத்திருப்பது கடைசி நாற்காலி, முன்னால் மற்ற நாற்காலிகள் காலியாக இருந்தாலும் சுருட்டை முடிக்காரர்கள் எல்லாரும் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு உனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், மறந்துவிட்டதா? எல்லாக் காரணமும் தீர்ந்துபோய் இப்போது கடைசிக் காரணமாக எங்கள் இருவரையும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டது, அப்பா நடத்திய டிரைவிங் ஸ்கூலும் மூடிவிட்டது, நீங்கள் தனியாக இருக்கும்போது நான் இங்கே கடை திறந்து யாருக்கு என்ன லாபம் என்கிறாய்.

சாக்குப்போக்கைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் கண்ணு. ஸ்கூல் நடந்த காலம் முழுக்க அந்த முன்னறை மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கி, வராதவர்களுக்குப் போன் போட்டவள் நான். மழை என்பார்கள், வெயில் என்பார்கள், மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்பார்கள், ஒருத்தர் செருப்பு சரியில்லை என்று ஒரு மாதம் வரவில்லை. நம்ம 'அடுத்த வாரம்' அங்கிளை நினைவிருக்கிறதா, பெரிய ஆபீஸில் பெரிய வேலை, நம்மிடம் மூன்று தடவை முழுப் பயிற்சியும் முடித்தவர். லைசென்ஸ் வாங்கி, புதுக் காரும் வாங்கி, தினம் காலையில் அதைக் குளிப்பாட்டித் துடைத்து உறை போட்டு மூடிவிட்டு பஸ்ஸுக்கு நடந்து போவார். எப்போ சார் ஓட்டப் போறீங்க என்றால், அடுத்த வாரம் என்பார். அந்தக் கார் இன்றைக்கும் புதுக் கருக்கு அழியாமல் நிற்கிறது. நாம் எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். ஆனால் அவர் ஒருநாள் அப்பாவிடம், "உங்க வண்டியில நான் நல்லாத்தான் சார் ஓட்டறேன், பக்கத்துல உங்க காலடியில ஒரு பிரேக் இருக்கு. என் வண்டியில அது இல்லையே" என்று சொன்னார், அதை மட்டும் நான் சிரிக்காமல் கேட்டேன். ஏனென்றால் என் கதையும் அதுதான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், நான் வாத்தியார் பெண்டாட்டி. ஊருக்கெல்லாம் கிளட்சை மெதுவாக விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. நான் குள்ளம், கால் எட்டாது என்றேன். நீ சின்னவளாக இருந்தபோது, குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்றேன், நீ வளர்ந்த பிறகு அதுதான் மகள் ஓட்டுகிறாளே, நான் எதற்கு என்றேன், நீ அங்கே போன பிறகு அவள் வந்துவிடுவாள் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அப்பா பயிற்சியின் கடைசி நாளில் செய்கிற அந்த வேலை உனக்கு மறந்திருக்காது. பாதி வழியில், பெரிய ரோட்டுக்குப் போகிற ஏற்றத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் மடக்கி சீட்டின் மேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார், பிரேக்கின் மேல் தன் கால் இல்லை என்று ஓட்டுகிறவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். சிலர் கெஞ்சுவார்கள், சிலர் அழுவார்கள், ஒரு புது மாப்பிள்ளை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியே போய்விட்டார். நீ பள்ளிக்கூட யூனிபார்மோடு பின் சீட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். உன் முறை வந்தபோது நீ போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது, "அப்பா, காலைக் கீழ போடுங்கப்பா" என்று. அவர் ஜன்னல் வழியாகக் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாராம், நீயும் அழுதுகொண்டே ஏற்றத்தில் ஏறி, அழுதுகொண்டே வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய். அன்றைக்கு உன் முகம் இருந்த இருப்பு எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், படித்துவிட்டுச் சண்டைக்கு வராதே. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனபோது, ஸ்கூல் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம், இதுவரை உனக்குத் தெரியும். வாங்க வந்தவர் சும்மா பார்த்துவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. வண்டி வாசலில் உறையோடு நின்றது, அப்பா ஜன்னலோரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், பேச்சு குறைந்துவிட்டது, சாப்பாடு குறைந்துவிட்டது. அவரைக் கால் பயிற்சி கொடுக்கிற டாக்டரிடம் அழைத்துப் போக ஒவ்வொரு தடவையும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருந்தது. ஒருநாள் வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. வாசல் படியில் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு என்ன தோன்றியதோ, "என்னங்க, எனக்குச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அப்படிப் பார்த்ததில்லை. குள்ளத்துக்கு என்ன செய்வது என்றேன், தலையணை எதற்கு இருக்கிறது என்றார். உனக்குச் சொன்னால் பயப்படுவாய் என்று சொல்லவில்லை. அது பாதி நிஜம்தான். நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம் என்று தெரிந்தால் வருகிறேன் வருகிறேன் என்று நீ சொல்வதை நிறுத்திவிடுவாயோ என்றும் இருந்தது. பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

முதலில் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானம். உன் பழைய தலையணையை அடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், அதில் இன்னும் உன் எண்ணெய் வாசனை இருக்கிறது, அதற்கே கண் கலங்கியது, வண்டியை எடுக்கிறாயா இல்லை அழுது முடிக்கப் போகிறாயா என்று அவர் அதட்டினார். உங்களுக்குத்தான் கால் வராதே, ஏதாவது ஆனால் பிரேக்கை யார் அழுத்துவது என்று கேட்டேன். "இடது கால் சிங்கம் மாதிரி இருக்கு, நீ ரோட்டைப் பாரு" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மைதானத்தில் இருந்து சந்து, சந்தில் இருந்து தெரு, பிறகு ஆஸ்பத்திரி ரோடு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் இடது காலை ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொள்வேன், பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும். எல்லாரிடமும், அவர் பக்கத்துல இருக்கார், எனக்கென்ன பயம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வயசுல அண்ணிக்கு இதெல்லாம் தேவையா என்று அத்தை மூக்கில் விரலை வைத்தாள், அவளிடமும் அதையேதான் சொன்னேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரி ரோட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறேன், பக்கத்துச் சந்தில் இருந்து ஒரு சாமான் வண்டி பின்பக்கமாக வந்துவிட்டது, ஓட்டுகிறவன் போனில் பேசிக்கொண்டு வருகிறான். நான், "பிரேக்கப் போடுங்க, பிரேக்கப் போடுங்க" என்று கத்தினேன். வண்டி குலுங்கி நின்றது. முன்னால் ஒரு கை நீள இடம் இருந்தது, அவ்வளவுதான். திரும்பி அவரைப் பார்த்து, நல்லவேளை போட்டீங்க என்றேன். அவர், "நான் எங்க போட்டேன்?" என்றார். குனிந்து பார்க்கிறேன், இடது காலை மடக்கி சீட்டின் மேல் வைத்திருக்கிறார், வராத வலது காலையும் கையால் தூக்கி மேலே வைத்திருக்கிறார், செருப்பு இரண்டும் கீழே ஒழுங்காகக் கிடக்கிறது. கோபத்தில் நான் என் பக்கத்தில் இருந்து கையை நீட்டி அவர் பக்கத்துப் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன், அது தொளதொளவென்று கீழே போய்த் தொட்டது. வண்டியை விற்க வேண்டும் என்று மெக்கானிக் வந்து பார்த்தபோதே அந்தப் பக்கத்துக் கேபிளைக் கழற்றிவிட்டானாம், வாங்குகிறவருக்கு அது வேண்டாமாம், அன்றைக்கு நான் மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தேனாம். அப்படியென்றால் முதல் நாளில் இருந்தே அந்தப் பிரேக் வேலை செய்யவில்லை, மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கி, ஆற்றையும் தாண்டி வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் தட்டை டொக்கென்று வைத்தேன், கதவை டமாலென்று சாத்தினேன். இத்தனை நாள் என்னை ஏமாற்றினீர்களே என்று கடைசியில் வெடித்தபோது, "ஏமாத்தல, நீ கேபிள் இருக்கான்னு கேக்கவே இல்ல. கைப் பிரேக் மேல எப்பவும் என் கை இருந்துச்சு. மைதானத்துல ரெண்டு வாரம் பார்த்தேன், உன் கால் எனக்கு முன்னாடி பிரேக்குக்குப் போகுது. அதுக்கப்புறம்தான் ரோட்டுக்கே கூட்டிட்டு வந்தேன்" என்றார். பிறகு கொஞ்சம் மெதுவாக, "முன்னாடியே சொல்லியிருந்தா நீ மைதானத்தைத் தாண்டியிருப்பியா?" என்று கேட்டார். தாண்டியிருக்க மாட்டேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றைக்கு இருவரும் உன் பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

லைசென்ஸ் வாங்கிவிட்டேன் அம்மாடி. அதற்கப்புறம் அப்பா விடவில்லை, சொல்லித் தருபவர்களுக்கான பரீட்சையும் எழுதச் சொன்னார், முதல் தடவை பின்பக்கமாக நிறுத்துவதில் கோட்டைவிட்டேன், இரண்டாவது தடவை தேறிவிட்டேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டு கேபிளை மாட்டச் சொன்னேன், மாட்டியதும் நானே அழுத்திப் பார்த்தேன், நான் ஏமாந்தது போதும். பலகையைத் தூசி தட்டி மறுபடி மாட்டியிருக்கிறோம், கீழே 'லைசென்ஸ் இருந்தும் ஓட்டப் பயப்படுகிறவர்களுக்குத் தனி வகுப்பு' என்று ஒரு வரி சேர்த்தேன், என் யோசனைதான். முதலில் வந்தது ஆஸ்பத்திரி நர்ஸ், அப்பாவுக்கு ஊசி போட்ட அதே பெண். இப்போது நிறையப் பேர் வருகிறார்கள், பெரும்பாலும் பெண்கள், புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிறார் என்று தப்பித்து வருகிறவர்கள். என் மேஜையில் இப்போது அப்பா உட்கார்ந்து போன் எடுக்கிறார், வராதவர்களிடம் என்னைவிட நீளமாகப் பேசுகிறார், சாப்பாடும் பழையபடி ஆகிவிட்டது. போன வாரம் 'அடுத்த வாரம்' அங்கிள் வந்து நின்றார், தன் சொந்தக் காரில் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், வருவாரா என்று அப்பாவும் அத்தையும் பந்தயம் கட்டியிருக்கிறார்கள்.

ஆகையால், நாங்கள் தனியாகக் கிடந்து தவிக்கிறோம் என்ற காரணத்தை உன்னிடம் இருந்து எடுத்துக்கொள்கிறேன். தவிப்பு இல்லாமல் இல்லை. உன் அறையை நான் தினமும் பெருக்குகிறேன், பெருக்க அங்கே ஒன்றும் இல்லை, சும்மா நின்றுவிட்டு வருகிறேன். சாப்பாட்டு மேஜையில் உன் நாற்காலியில் அப்பா தன் கைத்தடியைச் சாய்த்தால்கூட எடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். நர்ஸ் பெண்ணுக்கு உன் வயது, உன்னைப் போலவே காதோரம் முடியைச் சுருட்டிக்கொண்டே யோசிக்கிறாள், சில நாள் அவளைப் பார்த்தபடி பாடத்தையே விட்டுவிடுகிறேன். கண்ணாடியைப் பார்த்து என் முன்முடியை நானே வெட்டிக்கொள்கிறேன், கோணலாகத்தான் வருகிறது, அத்தை அடிக்கடி கடையில் போய் வெட்டிக்கொள் என்கிறாள், வேறு ஒரு கை என் தலையைத் தொடுவதில் எனக்கு இஷ்டமில்லை. உனக்காக ஏங்குகிறேன், அதை எழுதுவதற்கு எனக்கு என்ன வெட்கம். நீ வான்னு சொல்லு என்று கேட்டாய் பார், அந்த வார்த்தை எப்போதும் என் நாக்கு நுனியில்தான் இருக்கிறது, காலையில் பல் தேய்க்கும்போதுகூட இருக்கிறது.

ஆனால் இப்போது சொல்ல மாட்டேன். சரிப்படவில்லை என்றால் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று நீ ஒவ்வொரு தடவை சொல்லும்போதும், ஒவ்வொரு திருப்பத்திலும் நான் அப்பாவின் காலைத் திரும்பிப் பார்த்ததுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று எத்தனை நாள் நிற்பாய்? அங்கே பாஷை கற்றுக்கொண்டது, கோர்ஸ் முடித்தது, கடைசி நாற்காலியில் நின்று அத்தனை தலைகளைச் சம்பாதித்தது எல்லாம் நீ. நாங்கள் இங்கிருந்து ஒரு பிரேக்கும் போடவில்லை, நீயாகத்தான் ஓட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் போயிருக்கிறாய். கடை ஓடாமல்கூடப் போகலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை, நானும் பின்பக்கமாக நிறுத்தத் தெரியாமல் ஒரு தடவை திரும்பி வந்தவள்தான். ஓடவில்லையென்றால் அப்போது உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், இந்த வீடு எங்கேயும் போகாது. நீ போய்க் கையெழுத்துப் போடு. கண்ணாடி சின்னதாக இருந்தால் பெரிதாக ஒன்று வாங்கி மாட்டு. கடையைத் திறந்து, உன் கையால் பூட்டித் திறந்து பழகி, ஒரு நாள் கதவில் 'ஒரு வாரம் விடுமுறை' என்று எழுதி மாட்ட வேண்டும், திரும்பி வந்து திறப்பதற்கு ஒரு கடை இருக்கிறவளாக நீ புறப்பட வேண்டும். அந்த அட்டையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. அப்போது நீ கேட்ட வார்த்தையை நானே சொல்கிறேன், தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்கிறேன். நீ வந்ததும் முதல் வேலையாக என் முன்முடியை நேராக்கிவிடு.

நாள் முழுக்க நிற்கிறாய், வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் காலை வைத்துக்கொள். கத்தரி பிடிக்கிற கட்டை விரல் வலிக்கிறது என்றாயே, அதை அலட்சியப்படுத்தாதே. காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வருகிறது, நினைவுபடுத்தி நான் போன் செய்யப் போவதில்லை, அது உன் வேலை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா எட்டிப் பார்த்து, கேபிள் சமாச்சாரத்தை எழுதினாயா, என்னைப் பற்றித் தப்பாக நினைக்கப் போகிறாள் என்றார். நினைக்கட்டும் என்றேன். அவர் உன்னை ஆசீர்வதிக்கிறார், அந்த ஏற்றம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். நீ தொட்டது துலங்க வேண்டும், உன் கை சலிக்காமல் இருக்க வேண்டும், உன் கதவு மணி நாள் முழுக்க ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பக்கத்து சீட்டில், செருப்பைக் கழற்றிவிட்டு, கால் இரண்டையும் மடக்கி மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற
உன் அம்மா